எண்ணெய் டின்னுக்கு எத்தனை ஓட்டை?

என்னப்பு, பானட்டைத் தூக்கி விட்டுட்டு செல்போனை உள்ள நீட்டிக்கிட்டு நிக்குற? எஞ்சினுக்குச் சினிமா காட்டுறியா?

வா, இப்படி நிழல்ல உக்காரு. முக்கொம்பு பார்க்குக்குப் பிள்ளை குட்டியோட வர்றவன் எல்லாம் ஆத்தைப் பாக்காம ஒன் வண்டியைத்தான் வேடிக்கை பாக்குறான். வண்டி முழுக்க பூவன் வாழைத்தார். வெயில்ல தார் பழுக்குதோ இல்லையோ, ஒன் மூஞ்சி பழுத்துப்போச்சு. குளித்தலையில வெள்ளன ஏத்துன சரக்கு. காந்தி மார்க்கெட்டுல ஏலம் ஒனக்காகவா காத்துக்கிட்டு நிக்கும்?

என்ன சொல்ற? "வண்டி நல்லாத்தான் ஓடுது தாத்தா. திடீர்னு புல்லிங் போயிடுது. ஆக்சிலேட்டரை எம்புட்டு அமுக்குனாலும் மூச்சு வாங்குது. ஓரங்கட்டி ஒரு டீ குடிச்சுட்டு வந்து எடுத்தா, ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடுது." இதானே? மாமியா வீட்டுக்குப் போன மருமகன் மாதிரி உபசாரம் கேக்குது ஒன் வண்டி.

சரி, இதுவரைக்கும் என்ன வைத்தியம் பாத்த? நாசில் நாலும் புதுசு. டீசல் பம்ப்பைக் கழட்டி கேலிப்ரேஷன். டேங்க்ல ஊத்துறதுக்குப் பச்சை கலர்ல ஒரு பாட்டில் மருந்து, அதுக்கு மேல சேப்புக் கலர்ல இன்னொரு பாட்டில். முன்னாடி எலுமிச்சம்பழம், மெளகா. பின்னாடி பூசணிக்கா. போன வாரம் ஒருத்தன் ஸ்கேனரைக் கொண்டாந்து, எங்க சொருகுறதுன்னு அரை மணி நேரம் டேஷ்போர்டுக்குக் கீழ தேடுனானாமே? தேடட்டும், தேடட்டும். ஒன் வண்டி இருபது வருஷத்துக்கு முந்தின மெக்கானிக்கல் பம்ப் வண்டி. அதுல கம்ப்யூட்டரே கெடையாது. இல்லாத கொழந்தைக்கு ஜாதகம் எழுத வந்தவனுக்கு நீ காப்பி வேற வாங்கிக் குடுத்திருக்க.

இன்னொண்ணு சொன்னியே, அதைத் திருப்பிச் சொல்லு பாப்போம். "டேங்க் நெரப்புனா எனக்கு ராசியில்ல தாத்தா"ன்னு. ஜோசியக்காரன்கூட ஒத்துக்கிட்டானா? நல்லது. அதை அப்படியே மடியில முடிஞ்சு வச்சுக்க. அப்புறம் அவுப்போம்.

பேராண்டி, நான் மெக்கானிக் இல்ல. ஆத்து லஸ்கரா இருந்து ஓய்வு பெத்தவன். ஷட்டர் ஏத்துறது, எறக்குறது, கிரீஸ் போடுறது, கரையில எலி வங்கு வச்சிருக்கான்னு பாக்குறது. அதோட நம்ம வாழைத் தோட்டத்துல ஒரு ஆயில் எஞ்சினோட பாதி ஆயுசு மல்லுக்கட்டுனவன். ஆனா ஒண்ணு தெரியும். தண்ணி பாச்சத் தெரிஞ்சவனுக்கு டீசல் எஞ்சின் பெரிய கம்ப சூத்திரம் இல்ல.

எப்படிங்குறியா? கடைமடைக்காரன் ஓடியாந்து, "தண்ணி வரல, பயிரு காயுது"ன்னு கத்துவான். நாங்க ஒடனே மேட்டூருக்குத் தந்தி அடிப்பமா? சைக்கிளை எடுத்துக்கிட்டு கரையோரமாவே போவோம். மதகுல தண்ணி இருக்கா? இருக்கு. முதல் மடையில? இருக்கு. ரெண்டாவது மடையில? இருக்கு. மூணாவதுல? இல்ல. அப்ப ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல ஏதோ நடந்திருக்கு. போய்ப் பாத்தா, எவனோ மீன் புடிக்கிறதுக்கு வாழைமட்டையைச் சொருகி வச்சிருப்பான். மட்டையை உருவுனா வேலை முடிஞ்சுது. இதுக்குப் போயி கடைமடைக்காரன் வயல்ல வரப்பை எல்லாம் இடிச்சு மாத்திக் கட்டுனா என்ன சொல்லுவ? நீ நாசில் மாத்துனது அந்தக் கதைதான். நாசில் கடைமடை. பாவம், அது என்ன பண்ணும்? வந்தாத்தானே ஊத்தும்!

இதே எடத்துல ஒரு வெள்ளக்காரன் இந்த வைத்தியத்தைப் பெரிசாப் பண்ணிட்டுப் போயிருக்கான். ஆர்தர் காட்டன்னு பேரு. அப்பத்துக் கதை என்ன தெரியுமா? காவிரியில தண்ணி வருது. ஆனா தஞ்சாவூர்க்காரன் வயல் காயுது. ஏன்னா, இந்த முக்கொம்புல ஆறு ரெண்டா பிரியுது பாரு, கொள்ளிடம் பள்ளமாப் போச்சு, காவிரி மணலேறி மேடாப் போச்சு. தண்ணிக்கு என்ன, அதுக்கு சாதி சனம் தெரியுமா? பள்ளத்தைப் பாத்துப் போயிடுச்சு. ஆத்துல தண்ணி இல்லாததில்ல நோவு. போற வழி தப்பு. அதைக் கண்டுபுடிச்சு 1836-ல கொள்ளிடத்து வாயில ஒரு அணையைப் போட்டு, தண்ணியைக் காவிரிப் பக்கம் தலையைத் திருப்பி விட்டாரு. அப்ப அவருக்கு 33 வயசு. நீ 33 வயசுல வண்டிக்கு எல்இடி லைட்டு மாட்டிக்கிட்டு இருக்க.

சிரிக்காத. அதுல இன்னும் ஒரு பாதி இருக்கு. தண்ணி காவிரியில பாஞ்சு வர ஆரம்பிச்சதும், சில வருஷத்துல காவிரிப் படுகை அரிக்க ஆரம்பிச்சுது. அப்புறம் இந்தப் பக்கத்துக்கும் ஒரு தடுப்பு தேவைப்பட்டுது. ஒரு பக்கம் கூட்டுனா இன்னொரு பக்கம் கணக்கு வரும். ஒன் வண்டிக்கும் ஒருத்தன் "புல்லிங் வரணும்னா பம்ப்ல டீசலைக் கூட்டி வைக்கணும்"னு ஸ்குரூவைத் திருகி விட்டான்ல? என்னாச்சு? நோவு போகல. ஆனா நல்லா ஓடுற நேரத்துல கரும்புகை கக்குது. உள்ள போற காத்து அதே அளவுதான். டீசல் மட்டும் கூடுனா எப்படி எரியும்? அடுப்புல வெறகைத் திணிச்சுட்டு ஊதாங்குழலை எடுத்து ஒளிச்சு வச்ச கதைதான்.

சரி, பொகைன்னதும் ஞாபகம் வந்துச்சு. வண்டி மூச்சு வாங்குறப்ப கண்ணாடியில பின்னாடி பாத்தியா? பாத்திருக்க மாட்ட. அப்ப நீ ஆக்சிலேட்டரோட சண்டை போட்டுக்கிட்டு இருந்திருப்ப. வைத்தியன் நாக்கை நீட்டச் சொல்றான்ல, வண்டிக்கு நாக்கு சைலன்சர். இழுக்காம கரும்புகை கக்குதா? டீசல் போகுது, காத்து போகல. ஏர் ஃபில்டர் அடைஞ்சிருக்கும். டர்போ வண்டின்னா காத்து போற ரப்பர் ஹோஸ் கிழிஞ்சிருக்கும். சூடேறின பொறவும் வெள்ளைப் பொகையா வந்து கண்ணு எரியுதா? டீசல் போகுது, எரியாம வெளிய வருது. டைமிங், நாசில், கம்ப்ரஷன்னு பாக்கணும். இழுக்கவும் இல்ல, பொகையும் இல்லையா? அப்ப அடுப்புக்கு வெறகே வரல. பட்டினி. பட்டினி கெடக்குறவனுக்கு வயித்துல ஆபரேஷன் பண்ணுனா சரியாப் போயிடுமா? சோறு எங்க நின்னுச்சுன்னு பாரு.

"கவனிச்சேன் தாத்தா, பொகையே இல்ல"ங்குறியா? பரவாயில்ல, கண்ணு இருக்கு.

அதுக்கும் முன்னாடி காசு செலவில்லாத ரெண்டு சங்கதி. ஒண்ணு, எஞ்சின் சோந்து போகுதா, இல்ல வண்டியை எவனாவது பின்னாடி புடிச்சு இழுக்குறானா? வண்டி நிக்குறப்ப நாலு சக்கரத்துக் கிட்டயும் கையைக் கொண்டு போய்ப் பாரு. ஒரு சக்கரம் மட்டும் தோசைக்கல்லு மாதிரி காஞ்சுதுன்னா பிரேக் ஒட்டிக்கிட்டு இருக்கு. பிரேக்கை அமுக்கிக்கிட்டே வண்டி ஓட்டிட்டு எஞ்சினைக் கொற சொன்னா அது அழாதா? எஞ்சின் சத்தம் மட்டும் ஏறுது, வண்டி நகரலைன்னா கிளட்ச் வழுக்குது. அதுக்கும் டீசலுக்கும் ஒட்டும் இல்ல, ஒறவும் இல்ல.

ரெண்டாவது, ஆக்சிலேட்டர். ஒருத்தனை உள்ள உக்கார வச்சு முழுசா மிதிக்கச் சொல்லிட்டு, பம்ப்ல இருக்குற லீவர் கடைசி வரைக்கும் வருதான்னு பாரு. கேபிள் தொய்ஞ்சிருந்தா வராது. ஒன் வண்டியில இன்னொரு விசேஷமும் பாத்தேன். காலடியில மெத்தை மாதிரி மேட்டு ஒண்ணு வாங்கிப் போட்டிருக்க. மெத்தைக்கு மேல மிதிச்சா மிதி முழுசா எறங்குமா? நீ நூறு அமுக்குற, அதுக்கு எழுபதுதான் போய்ச் சேருது. கல்யாண வீட்டு ரத்தினக் கம்பளத்தை வண்டியில விரிக்காத தம்பி.

இப்ப கரையோரமா நடப்போம். தலைமடை டேங்க். அங்கேருந்து ஒரு குழாய். அப்புறம் ஃபீட் பம்ப். அப்புறம் ஃபில்டர். அப்புறம் டீசல் பம்ப். அப்புறம் நாசில். ஆறே மடை. இதுல ஒனக்கு மட்டும் ஏன் கடைசி மடை மேல அம்புட்டு ஆசை?

ஃபில்டர் எப்ப மாத்துன? முழிக்காத. வண்டிக்குப் பாட்டுப் பெட்டி மாத்துன தேதி சொன்னியே, அந்த மாதிரி இதுக்கும் ஒரு தேதி இருக்கணும். ஃபில்டர் அடைஞ்சா சும்மா ஓடுறப்ப தெரியாது. லோடு ஏத்தி மேடு ஏறுறப்பத்தான் தெரியும். பட்டினிக்காரன் உக்காந்து பேசுறப்ப தெரியாது, மூட்டை தூக்குறப்பத் தெரியும்ல, அது மாதிரி.

ஃபில்டருக்கு அடியில ஒரு திருகாணி இருக்கும். அதைத் தளத்தி ஒரு கண்ணாடி டம்ளர்ல புடி. டீசல் மேல மெதக்கும், தண்ணி அடியில தங்கும். டீசல்ல தண்ணி எப்படி வந்துச்சுங்குறியா? நீ பாதி டேங்க்கோட ஆத்தங்கரையில ராத்திரி பூரா நிறுத்துற. காலியா இருக்குற எடத்துல ஈரக்காத்து உக்காந்துக்கும். விடியக்காலம் குளுந்தா அது முத்து முத்தா வேர்த்து எறங்கும். அந்தத் தண்ணியும் டீசலும் சேருற எடத்துல கண்ணுக்குத் தெரியாத பூச்சி பொழப்பு நடத்தும். அது வளந்து கருப்பா, கொழகொழன்னு பாசி மாதிரி படியும். அது போயி ஃபில்டரை அடைக்கும். நீ கடையில போயி "டீசல் சரியில்ல"ன்னு சண்டை போடுவ.

அடுத்தது காத்து. எங்க ஆயில் எஞ்சின் காலத்துல இதுக்கு ஒரே பேரு, "ஏர் புடிச்சிருச்சு". டேங்க்லேருந்து ஃபீட் பம்ப் வரைக்கும் டீசலை உறிஞ்சுற குழாய். அதுல ஊசி முனை ஓட்டை இருந்தாலும் டீசல் வெளிய கசியாது. காத்துதான் உள்ள போகும். இளநீர்ல போட்ட குழல் கீறியிருந்தா என்ன ஆகும்? எம்புட்டு உறிஞ்சுனாலும் வாய்க்குக் காத்துதானே வரும்? இளநி தரையில ஒழுகுதா? இல்லையே. அதனால "எங்கயும் லீக் இல்ல தாத்தா"ன்னு நீ தரையைப் பாத்துச் சொல்றதுக்கு அர்த்தமே கெடையாது. ஒரு அரை அடி கண்ணாடி ஹோஸை நடுவுல சேத்துப் பாரு. முத்து முத்தாக் கொப்புளம் போச்சுன்னா காத்து புகுந்திருக்கு. காப்பர் வாஷர் நசுங்கியிருக்கும், இல்லாட்டி கிளிப் தளந்திருக்கும். சின்னச் சாமான், பெரிய கொழப்பம்.

ரப்பர் ஹோஸையும் நம்பாத. வெளிய பளபளன்னு இருக்கும். உள்ளாற தோல் உரிஞ்சு ஒரு நாக்கு மாதிரி தொங்கும். மெதுவா உறிஞ்சுனா வழி விடும். வேகமா உறிஞ்சுனா குறுக்க வந்து படுத்துக்கும். எஞ்சினை நிறுத்துனா பழையபடி ஒதுங்கிக்கும். பழைய சாமானுக்கு இதான் கொணம். இந்த ஊர்லயே பாத்தோம்ல. 2018 ஆகஸ்ட் 22 ராத்திரி, கொள்ளிடம் பக்கத்துக் கதவணையில 45 மதகுல 9 மதகை ஆறு கொண்டு போச்சு. நூத்தி எம்பது வருஷம் நின்ன எடம். காலையில போயி நின்னா, முந்தின நாள் வரைக்கும் மதகு இருந்த எடத்துல ஆறு நுரைச்சுக்கிட்டு ஓடுது. அப்புறம் புதுக் கதவணை கட்டுனாங்க. ஆறு ஒரு ராத்திரியில கொண்டு போச்சுன்னு ஊரு சொல்லும். உள்ளாற அரிக்கிறதுக்கு எத்தனை வருஷம் ஆச்சுன்னு ஆத்துக்குத்தான் தெரியும். மேல பூசுன பெயிண்டைப் பாத்துட்டு அடிமானம் நல்லா இருக்குன்னு சொல்லாத தம்பி, அணையா இருந்தாலும் சரி, ஹோஸா இருந்தாலும் சரி.

டீசல் பம்ப்பை மட்டும் ரோட்டோரத்துல கழட்ட விடாத. 1927-லயே ராபர்ட் பாஷ் கம்பெனி இந்தப் பம்ப்பை வரிசையாச் செஞ்சு தள்ள ஆரம்பிச்சுட்டாங்க. உள்ள இருக்குற பிளஞ்சருக்கும் அது ஓடுற கூட்டுக்கும் நடுவுல எடம் எம்புட்டு தெரியுமா? ரெண்டு மூணு மைக்ரான். ஒன் தலைமுடி ஒண்ணை இருபது இருபத்தஞ்சு இழையா உரிச்சா, அதுல ஒரு இழை கனம். அதைப் போயி ஒருத்தன் கரி படிஞ்ச துணியில தொடச்சான்னு சொன்னியே, அதைக் கேட்டதுலேருந்து எனக்கே நெஞ்சு அடைக்குது.

பாட்டில் மருந்துக்கு வருவோம். இந்த எஞ்சினைக் கண்டுபுடிச்ச ருடால்ஃப் டீசல் 1897-ல அதை ஓட்டிக் காட்டுனாரு. 1900-ல பாரிஸ்ல நடந்த பெரிய கண்காட்சியில ஒரு சின்ன டீசல் எஞ்சின் கடலெண்ணெயில ஓடுச்சு. ஆமாப்பா, நம்ம தாளிக்கிற கடலெண்ணெய்தான். அப்படிப்பட்ட எஞ்சினுக்குப் பச்சை பாட்டிலும் சேப்பு பாட்டிலும் ஊத்துனாத்தான் ஓடும்னு ஒனக்கு எவன் சொன்னான்? அதுக்குன்னு அடுப்படியில போயி அப்பாயியோட கடலெண்ணெய் டின்னைத் தூக்கிடாத. எண்ணெய் கட்டியா இருக்கும், ஒன் நாசில் தாங்காது. அப்பாயி அதைவிடத் தாங்க மாட்டா.

ஸ்கேனரையும் நான் கேலி பண்ணலடா. புது வண்டி வேற சாதி. 2020 ஏப்ரல்லேருந்து வர்ற பிஎஸ்-6 வண்டியில எல்லாம் சென்சார்தான். காமன் ரெயில்ல ஆயிரம் பாருக்கு மேல அழுத்தம் நிக்கும். எதாவது கொற தெரிஞ்சா கம்ப்யூட்டரே புல்லிங்கைக் கொறச்சு, "மெதுவா வீடு போய்ச் சேரு"ன்னு சொல்லிடும். அங்க ஸ்கேனர் இல்லாம கை வச்சா கண்ணைக் கட்டிக்கிட்டு கெணறு தாண்டுற மாதிரி. ஆனா அதுவும் என்ன சொல்லும்? "ரெயில்ல அழுத்தம் கொறையுது"ங்கும். ஏன் கொறையுதுன்னு சொல்லுமா? ஃபில்டர் அடைஞ்சிருக்கா, குழாய்ல காத்தா, பம்ப் தேஞ்சிருக்கா, அதுக்குத் திரும்பவும் கரையோரமா ஒருத்தன் நடந்துதான் ஆகணும். மிஷினு வந்ததும் நடக்குறதை விட்டுட்டீங்க, அதான் என் வருத்தம்.

இத்தனை மடையையும் ஒவ்வொண்ணா நோண்டுறதுக்கு நேரம் இல்லையா? குறுக்கு வழி ஒண்ணு இருக்கு. அஞ்சு லிட்டர் கேன் ஒண்ணுல சுத்தமான டீசலை எடு. டேங்க்கைக் கழட்டி விட்டுட்டு, போற குழாயையும் திரும்பி வர்ற குழாயையும் கேன்லயே விட்டு, எஞ்சின் சூட்டுக்கு எட்டாத எடத்துல அசையாமக் கட்டு. ஏர் எடுத்துட்டு லோடோட ஓட்டிப் பாரு. நோவு போயிடுச்சா? டேங்க் பக்கத்துல கொற. போகலையா? எஞ்சின் பக்கத்துல கொற. ஒரே வெட்டுல பாதி வழக்கு தள்ளுபடி. பாகப்பிரிவினையில பெரிய மனுசன் மொதல்ல நடுவுல கோடு கிழிக்கிறான்ல, அந்த மாதிரி.

ஆனா ஒனக்கு அந்தக் கேன்கூட வேண்டாம்.

இப்ப அந்த மடியில முடிஞ்சதை அவுப்போமா? "டேங்க் நெரப்புனா ராசியில்ல." எங்க எங்க நின்னுச்சு, சொல்லு. குளித்தலையில டேங்க்கை முழுசா நெரப்பிக்கிட்டு வந்தா முக்கொம்பு தாண்ட மாட்டேங்குது. பாதி டேங்க்கோட வந்தா குடமுருட்டி பாலம் வரைக்கும் வருது. கால் டேங்க்கோட வந்தா மார்க்கெட் வரைக்கும் ஒரு சிணுங்கல் இல்ல. அடேய், இதுல சனி எங்கடா வந்தாரு? சனிக்கு ஒன் டேங்க்ல எத்தனை லிட்டர் இருக்குன்னு எட்டிப் பாக்குறதுதான் வேலையா?

போயி டேங்க் மூடியைக் கொண்டா. அட, மூடியா இது? பழைய மூடி எங்க? தொலைஞ்சு போச்சா? டீசலை எவனும் திருடக் கூடாதுன்னு பூட்டு வச்ச புது மூடி வாங்குன, சரி. மழைத் தண்ணி எறங்கக் கூடாதுன்னு அதுக்கு அடியில பாலித்தீன் கவரை நாலா மடிச்சு வச்சு, மேல ரப்பர் பேண்டு போட்டு, இறுக்கித் திருகி... அடடா, என்ன பத்திரம்! பச்சைப் பிள்ளைக்குக் கம்பளி சுத்துற மாதிரி மூக்கையும் சேத்துல்ல சுத்தி வச்சிருக்க!

டேங்க்லேருந்து ஒரு லிட்டர் டீசல் வெளிய போனா, அந்த எடத்துக்கு ஒரு லிட்டர் காத்து உள்ள வரணும். அதுக்குத்தான் பழைய மூடியில கண்ணுக்குத் தெரியாம ஒரு வழி வச்சிருந்தான். நீ அதை அடைச்சுட்ட. டீசல் போகப் போக உள்ள வெத்தெடம். பம்ப் இந்தப் பக்கம் இழுக்குது, டேங்க் அந்தப் பக்கம் இழுக்குது. வடம் இழுக்குற மாதிரி. கடைசியில டேங்க் செயிக்குது, நீ ஓரங்கட்டுற. டீ குடிக்கப் போற பத்து நிமிஷத்துல எங்கயோ சந்து பொந்துல மெல்லக் காத்து எறங்கி இழுப்பு தளருது. நீ வந்து எடுக்குற, ஓடுது.

முழு டேங்க்ல ஏன் சீக்கிரம் நிக்குது? மேல இருக்குற காத்து ஒரு சொம்பு அளவுதான். ரெண்டு லிட்டர் டீசல் கொறையறதுக்குள்ள அது இழுத்து இழுத்து மெலிஞ்சு போயிடும். கால் டேங்க்ல காத்து குடம் குடமா இருக்கு. ரெண்டு லிட்டர் போனா அதுக்கு ஒறைக்காது. ஒன் ராசி, ஒன் ஜாதகம், ஒன் சனி எல்லாம் இந்தக் கவருக்குள்ள இருக்கு.

ஆனா என் பேச்சைக் கேட்டு ஒடனே சத்தியம் பண்ணிடாத. டேங்க்குக்குள்ள ஒரு துணியோ அட்டைத் துண்டோ மெதந்தாலும் இதே கூத்துதான் நடக்கும். ஓடுறப்ப உறிஞ்சுற வாயில போயி ஒட்டிக்கும், நிறுத்துனா விழுந்துடும். ரெண்டையும் எப்படிப் பிரிக்கிறது? அடுத்த தடவை மூச்சு வாங்குறப்ப ஓரமா நிறுத்து, எஞ்சினை அணைக்காத. எறங்கிப் போயி மூடியை மட்டும் தெற. உஸ்ஸ்ஸ்னு காத்தை உள்ள இழுத்துட்டு, வண்டி அங்கனயே மூச்சு விட்டுச்சுன்னா மூடி. உஸ்ஸும் இல்ல, ஒரு புண்ணியமும் இல்லன்னா டேங்க்கைக் கழட்டிக் கழுவு. காசு கேக்காத சோதனை. அதனாலதான் எந்தப் பயலும் ஒனக்கு இதைச் சொல்லல.

இப்ப கவரைத் தூக்கிப் போடு. காத்து வழி உள்ள மூடியா ஒண்ணு வாங்கு. ஃபில்டரை மாத்து, தேதியைக் கதவுல எழுது. அந்தத் திருகுன ஸ்குரூவைப் பழையபடி வைக்கச் சொல்லு, பம்ப் வேலை தெரிஞ்சவன்கிட்ட. எலுமிச்சம்பழம் இருந்துட்டுப் போகட்டும், அது ஒண்ணும் டீசல் குடிக்கலையே.

என்னடா அப்படிப் பாக்குற? "தாத்தா, பெரிய விஞ்ஞானி நீ"ங்குறியா? இரு, இரு. இதையும் கேட்டுட்டுப் போ.

ஒரு கோடையில நம்ம ஆயில் எஞ்சின் இதே மாதிரி நின்னு நின்னு ஓடுச்சு. நானும் ஒன்னை மாதிரித்தான். மூணு நாள் கழட்டுனேன், மாட்டுனேன். நாசிலைக் கழட்டி வாயால ஊதுனேன். அய்யனாருக்குச் சேவல் நேந்துக்கிட்டேன். டேங்க் மூடி தொலைஞ்சதுக்கு சைக்கிள் டியூப்பை வெட்டி வச்சு இறுக்கிக் கட்டுனது யாருங்குற? நான்தான். தூசி விழக் கூடாதுன்னு அம்புட்டுப் பத்திரம்.

மூணாம் நாள் ஒங்க அப்பாயி கஞ்சி கொண்டாந்தா. தூக்குவாளியை வச்சுட்டு வரப்புல உக்காந்து கொஞ்ச நேரம் என்னைப் பாத்தா. அப்புறம் கேட்டா: "ஏங்க, எண்ணெய் டின்னுக்கு எத்தனை ஓட்டை போடுவாங்க?"

எனக்கு எரிச்சல். "ரெண்டு"ன்னேன்.

"ஏன் ரெண்டு? ஊத்துறதுக்கு ஒண்ணு போதாதா?"

"ஒண்ணு போட்டா குளுக் குளுக்குன்னு நின்னு நின்னு விழும்..."ன்னு சொல்லி முடிக்கிறதுக்குள்ள என் வாய் அடைச்சுப் போச்சு. அவ எந்திரிச்சு, சேலையில குத்தியிருந்த ஊக்கை எடுத்து, அந்த டியூப்புல ரெண்டு குத்துக் குத்துனா. எஞ்சின் சாயங்காலம் வரைக்கும் நிக்கல. பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவ. எண்ணெய் டின்னோட பொழங்குனவ.

அன்னையிலேருந்து இந்த ஊருல எவன் ஆயில் எஞ்சின் நின்னாலும், எவன் வண்டி நின்னாலும், நான்தான் போயி மொதல்ல மூடியைத் தெறக்குறேன். பாதி நேரம் அதுலயே வேலை முடிஞ்சுடும். மீதி நேரம் கரையோரமா நடப்பேன். வர்ற டீயெல்லாம் எனக்கு. பேரெல்லாம் எனக்கு.

கெளம்பு, ஏலம் முடியறதுக்குள்ள போ. வர்றப்ப ஒரு சீப்பு பூவம்பழம் வீட்டுல குடுத்துட்டுப் போ. எதுக்குன்னு அப்பாயி கேட்டா, சும்மான்னு சொல்லு. டேங்க் மூடியைப் பத்தி மட்டும் வாயைத் தெறந்துடாத.